நனையாத குடையும் முன்பே தெரிந்தவரும்

சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அழுதே காரியம் சாதிப்பவர்களையும் பார்த்திருப்பீர்கள். இன்று நான் உங்கள் முன் நிறுத்தப்போகும் பிராணி தனி ரகம். இவருக்கு ‘முன்பே தெரிந்தவர்’ என்று பெயர். மழை பெய்து கூடாரம் சரிந்தாலும், மந்திரிசபை கவிழ்ந்தாலும், பக்கத்து வீட்டுப் பெண் குதிரைப் பயிற்சியாளனோடு ஓடிப்போனாலும், இவர் புருவத்தை அரை அங்குலம் உயர்த்தி, “எனக்கு முன்னாடியே தெரியும்” என்பார். தெரிந்ததை நடப்பதற்கு முன் சொல்லியிருக்கலாமே? சொல்லமாட்டார். அது அவர் குலவழக்கம் இல்லை.

இந்தப் பிராணி எல்லா மண்ணிலும் முளைக்கும். ஆனால் லண்டன் மூடுபனியில், துப்பறியும் நாவல்களுக்கு மதிப்புரை எழுதும் பத்திகளில், இது செழிப்பதுபோல் வேறெங்கும் செழிப்பதில்லை. நானும் அந்தப் பத்திகளில் பல வருஷம் மேய்ந்தவன்தான். ஆகவே இதில் வரும் கேலியில் பாதி, முகம் மழிக்கும்போது கண்ணாடியில் பார்த்துக் கற்றது.

எங்கள் கூட்டத்துக்கே திலகம் என்று சொல்லத்தக்கவர் ஆம்ப்ரோஸ் குவில்ட்டர். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், கொலைக்கதை இல்லாவிட்டால் இங்கிலாந்துக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி செரிக்காது என்றிருந்த நாட்களில், ஒரு வாரப் பத்திரிகையில் அவர் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பிரம்மச்சாரி. புளூம்ஸ்பரியில் இரண்டாம் மாடிக் குடியிருப்பு. வீட்டைப் பார்த்துக்கொண்டது அவர் தங்கை வினிஃப்ரெட். எந்தப் புத்தகமானாலும் அவர் மதிப்புரையில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: “கொலையாளி யாரென்பது மூன்றாம் அத்தியாயத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.”

தெரிந்தது எப்படி? முதல் அத்தியாயத்தைப் படிப்பார், பிறகு நேரே கடைசி அத்தியாயத்துக்குப் போவார். நடுவில் இருப்பதை விரல்நுனியால் புரட்டி, அங்கங்கே இரண்டு பெயர்களையும் ஒரு பூந்தொட்டியையும் பொறுக்கிக்கொள்வார். முடிவு தெரிந்தபின் ஆரம்பத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் தெரியாது? இதிலே பெரிய சௌகரியம் என்னவென்றால், கொலையாளியின் பெயரை மதிப்புரையில் வெளியிடக்கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். அந்தத் தர்மத்தின் நிழலில் எத்தனை பேர் படுத்துத் தூங்கியிருக்கிறோம் என்று கணக்கே இல்லை.

வினிஃப்ரெட் வேறு மாதிரி. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒன்றுவிடாமல் படிப்பாள், ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒருவரைச் சந்தேகிப்பாள், ஒருமுறைகூடச் சரியாகச் சொன்னதில்லை. சமையற்காரி மேல் அவளுக்கு எப்போதும் ஒரு கண். முடிவில் ஏமாந்ததும் குழந்தைபோல் கைகொட்டிச் சிரிப்பாள். அண்ணனுக்கு அதைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும்.

அந்த வசந்தத்தில் பதிப்பகத்தார் டன்ஸ்ட்டன், புத்தகம் கடைக்கு வருமுன் மதிப்புரைக்காரர்களுக்குக் கொடுக்கும் முன்படி ஒன்றைக் கையோடு கொண்டுவந்து கொடுத்தார். மிஸ் ஹில்டா ஆஷ்பி எழுதிய ‘நனையாத குடை’. ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் தோட்டத்து மண்டபத்தில் செத்துக் கிடக்கிறார், வெளியே கொட்டுகொட்டென்று மழை, அவர் பக்கத்தில் கிடக்கும் குடையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதுதான் கதை. டன்ஸ்ட்டன் புறப்படும்போது, கடைசி அத்தியாயம் இதில் இல்லை, பின்னால் வரும், அது வந்தபிறகு மதிப்புரை எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆம்ப்ரோஸ் தலையை ஆட்டினார். பின்கதவு பூட்டியிருக்கிறது என்றால் அந்த வீட்டுக்குள் போவதில்லை என்பது அவர் கொள்கை. முன்படியை ஜன்னலோரம் வைத்துவிட்டு மறந்துபோனார்.

அப்படியே விட்டிருந்தால் இந்தச் சித்திரத்துக்கு வேலையே இல்லை. ஆனால் அந்த வாரமே, பத்திரிகை அலுவலகங்கள் நிறைந்த ஃப்ளீட் தெருவின் உணவுவிடுதி ஒன்றில் லயனல் ஹாக்ஸ்பி எதிரே வந்து உட்கார்ந்தார். போட்டிப் பத்திரிகையின் மதிப்புரையாளர். மெல்லிய மீசை, கனத்த குரல். ஆட்டுக்கறித் துண்டுக்குக் கடுகுச் சாந்து பூசிக்கொண்டே ஹாக்ஸ்பி பேச்சை எடுத்தார்.

“ஆஷ்பியோட குடையைப் பாத்தாச்சா?”

“பாத்தேன்” என்றார் ஆம்ப்ரோஸ். ஜன்னலோரத்தில் இருப்பதைப் பார்ப்பதும் பார்ப்பதுதானே.

“எனக்கு ரெண்டாம் அத்தியாயத்துலயே தெரிஞ்சுபோச்சு.”

ஆம்ப்ரோஸின் கையில் கரண்டி நின்றது. இத்தனை வருஷம் கட்டிக்காத்த மூன்றாம் அத்தியாயத்தின் மேல் ஒருவன் ஏறி உட்கார்ந்தால் யார் பொறுப்பார்கள்? “ரெண்டாவது வரைக்குமா போனீங்க? எனக்கு முதல்லயே தெரிஞ்சுது” என்றார்.

ஹாக்ஸ்பி முட்டைக்கோஸைச் சற்று நேரம் ஆராய்ந்தார். பிறகு முடிவுதான் கொஞ்சம் சொதப்பல் என்றார். ஆம்ப்ரோஸ் அதை ஆமோதித்து, கடைசிப் பக்கத்தில் தமக்குக் கொட்டாவி வந்ததாகவும் சொன்னார். இருவரும் கொலையாளியின் பெயரை மட்டும் வாயில் எடுக்காமல், “அந்த ஆள்” “அந்த ஆள்” என்றே பேசி, மற்றவர் வாயிலிருந்து ஒரு எழுத்தாவது நழுவாதா என்று ஏங்கி, இனிப்பையும் சாப்பிட்டு எழுந்தார்கள். இருவரிடமும் கடைசி அத்தியாயம் இல்லை. இருவரும் மற்றவரிடம் அது வந்துவிட்டதென்று நம்பினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கதை தெரியும். இங்கே இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு பூசணிக்காயை மறைத்தார்கள்.

அலுவலகம் திரும்பியதும் ஆம்ப்ரோஸுக்கு ஒரே பதைப்பு. ஹாக்ஸ்பிக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லை என்றால் தன் மதிப்பு சரிந்துவிட்டது என்றல்லவா அர்த்தம்? டன்ஸ்ட்டனைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே தெரிந்தவர் கடைசி அத்தியாயத்தை எதற்குக் கேட்கவேண்டும்? கேட்கவில்லை. எழுதினார். முதல் அத்தியாயத்திலேயே கொலையாளி தம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டதாகவும், கடைசியில் துப்பறிவாளர் அந்த ஆளைச் சுட்டிக்காட்டியபோது தாம் கொட்டாவியை அடக்க நேர்ந்ததாகவும், ஆசிரியை இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம் என்றும் எழுதி அச்சுக்கு அனுப்பினார்.

அது வெளிவந்ததும் ஹாக்ஸ்பி துடித்துப்போய் மறுவாரமே தம்முடையதை வெளியிட்டார். அவருக்கு முடிவு அவசரமாகத் தோன்றியதாம். இன்னொரு நாளிதழ்க்காரருக்கு முடிவு இழுவையாகத் தோன்றியது. மாதப் பத்திரிகை நடத்திய ஒரு பேராசிரியர், கடைசி அத்தியாயத்தில் கிரேக்கத் துன்பியலின் சாயலைக் கண்டார். புத்தகம் இன்னும் கடைக்கே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆம்ப்ரோஸ் கால்களைக் கணப்பின் பக்கம் நீட்டியிருந்தபோது, ஒரு பெண்மணி பார்க்க வந்திருப்பதாக வினிஃப்ரெட் வந்து சொன்னாள். உள்ளே வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். பழுப்பு மழைக்கோட்டு, தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. தன் பெயர் ஹில்டா ஆஷ்பி என்றார்.

ஆம்ப்ரோஸ் எழுந்து நின்றார். இதற்கு முன் எந்த எழுத்தாளரையும் அவர் தன் வீட்டுக் கம்பளத்தின் மேல் பார்த்ததில்லை. திட்டப்போகிறாள் என்று நினைத்து, அதற்கான பதிலையும் மனதுக்குள் அடுக்கிவிட்டார். ஆனால் மிஸ் ஆஷ்பி திட்டவில்லை. நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து, கையுறைகளை மடிமேல் வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

“மிஸ்டர் குவில்ட்டர், உங்ககிட்ட ஒரு உதவி கேட்க வந்தேன். கொலையாளி யாருன்னு சொல்லுங்க.”

“எந்தக் கொலையாளி?”

“என் புஸ்தகத்துல. உங்களுக்கு முதல் அத்தியாயத்துலயே தெரிஞ்சுதுன்னு எழுதியிருந்தீங்க. எனக்குத் தெரியலை.”

ஆம்ப்ரோஸ் இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு பாதி சிரித்தார். மறுபாதி தொண்டையில் நின்றுவிட்டது.

மிஸ் ஆஷ்பி விவரமாகச் சொன்னார். அவருடைய போன புத்தகத்துக்கு ஆம்ப்ரோஸ் எழுதிய மதிப்புரையில் அந்த மூன்றாம் அத்தியாய வாக்கியம் இருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து எழுத உட்காரும்போதெல்லாம் தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்று, தெரிந்துவிட்டது, தெரிந்துவிட்டது என்று சொல்வதுபோலவே இருந்ததாம். இந்தத் தடவை யாருக்கும் தெரியக்கூடாது என்ற வைராக்கியத்தில் மருத்துவர், வக்கீல், மருமகள், பாதிரியார், சமையற்காரி என்று எல்லோர் மேலும் சந்தேகம் ஒரே அளவில் விழும்படி தராசில் நிறுத்தி நிறுத்தி எழுதியிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவருக்கும் தெரியவில்லை. வாரக்கணக்காகக் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தும் ஒரு வரி ஓடவில்லை. இனி எழுத்தை விட்டுவிட்டு யார்க்‌ஷயரில் ஒன்றுவிட்ட அக்காளின் கோழிப்பண்ணைக்குப் போய்விடலாம் என்று பெட்டியைக்கூட எடுத்து வைத்தாயிற்று.

“அப்ப அந்தக் கடைசி அத்தியாயம்?” என்று கேட்டாள் வினிஃப்ரெட். தேநீர்த் தட்டோடு வந்தவள் கதவருகிலேயே நின்றிருந்தாள்.

“இன்னும் எழுதலைங்க.” மிஸ் ஆஷ்பி ஆம்ப்ரோஸின் பக்கம் திரும்பினார். குரலில் குத்தலே இல்லை, அதுதான் கொடுமை. “அதுல கடைசிப் பக்கத்துல கொட்டாவி வந்ததுன்னு எழுதியிருந்தீங்க. எனக்குப் பொறாமையா இருந்தது. நான் அந்தப் பக்கத்தை ஒருதடவையாவது பாத்துட மாட்டேனான்னு தவிக்கிறேன்.”

வினிஃப்ரெட் அண்ணனைப் பார்த்தாள். ஆம்ப்ரோஸ் கம்பளத்தைப் பார்த்தார். கம்பளத்துக்கு யாரைப் பார்ப்பதென்று தெரியவில்லை.

இந்த இடத்தில் எங்கள் இனத்தின் திறமையை நீங்கள் மெச்சவேண்டும். மண்ணில் மூக்கு புதைய விழுந்த பிறகும் ஆம்ப்ரோஸ் மீசையைத் தட்டிவிட்டார். மூலநூலை இன்னொருமுறை பார்க்காமல் இவ்வளவு பெரிய விஷயத்தில் கருத்துச் சொல்வது நேர்மையாகாது, ஒரு வாரம் கழித்துச் சந்திக்கலாமே என்றார்.

“பரவாயில்லை, படிங்க. நான் இங்கயே இருக்கேன்” என்றார் மிஸ் ஆஷ்பி. மழைக்கோட்டைக் கழற்றினார்.

வேறு வழி? ஆம்ப்ரோஸ் ஜன்னலோரத்திலிருந்து முன்படியை எடுத்து, தூசியை ஊதி, முதல் பக்கத்தைத் திறந்தார். எதிரே ஆசிரியை. பக்கத்தில் தங்கை. நடுவில் வெண்ணெய் தடவிய வாட்டிய ரொட்டி. ஒரு பக்கத்தைத் தாண்டலாம் என்று விரல் பழக்கதோஷத்தில் நகர்ந்தபோது, மிஸ் ஆஷ்பியின் கண்ணும் கூடவே நகர்ந்தது. விரல் திரும்பி வந்தது. பல வருஷங்களுக்குப் பிறகு அந்த மனிதர் ஒரு நாவலை வரிவரியாகப் படித்தார்.

முதலில் அவமானத்தில் எழுத்துகள் அசைந்தன. பிறகு மெல்ல மெல்ல மழைச் சத்தம் வெளியே இருக்கிறதா புத்தகத்துக்குள் இருக்கிறதா என்று அவருக்கு மறந்துபோயிற்று. மருத்துவர் பொய் சொல்வதைப் பிடித்துவிட்டதாக நினைத்தார். அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பொய் ஒரு காதலியைக் காப்பாற்றச் சொன்னது என்று தெரிந்தது. வக்கீல்தான் என்று முடிவு கட்டினார். வக்கீலுக்குக் கை முறிந்திருந்தது. மருமகளைச் சந்தேகித்தார், அதற்காக வெட்கப்பட்டார், மறுபடி சந்தேகித்தார். தேநீர் ஆறிப் போனது. வினிஃப்ரெட் ஒருதடவை, “சமையக்காரியைக் கவனிச்சியா, ஆம்ப்ரோஸ்? அவ பார்வையே சரியில்லை” என்று கிசுகிசுத்தபோது அவர் எரிச்சலோடு கையை அசைத்தார். யோசித்துக்கொண்டிருந்தார், பாவம்.

அந்தக் கதையில் டாபின் என்று ஒருவர் வருகிறார். கர்னலின் பக்கத்து வீட்டுக்காரர், ரோஜா வளர்ப்பவர், எந்த அத்தியாயத்திலும் கூப்பிடாமலே தலைகாட்டுவார். கர்னல் இறந்த செய்தி கேட்டதும், இது இப்படித்தான் முடியும் என்று ஆரம்பத்திலேயே தெரியும் என்பார். இன்ஸ்பெக்டர் தடுமாறும்போதெல்லாம் வேலிக்கு மேலிருந்து எட்டிப்பார்த்து, அதையும் எதிர்பார்த்தேன் என்பார். டாபின் வரும் பக்கங்களில் ஆம்ப்ரோஸின் நெற்றிச் சுருக்கம் தளரும், உதட்டில் ஒரு புன்னகை வரும், நாற்காலியில் சற்றுச் சாய்ந்துகொள்வார். நெருங்கிய சிநேகிதனை ரயிலில் பார்த்த மாதிரி.

மிஸ் ஆஷ்பி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல்முறை சாதாரணமாகப் பார்த்தார். மறுமுறை ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

விளக்கேற்றும் வேளைக்கு ஆம்ப்ரோஸ் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். துப்பறிவாளர் எல்லோரையும் வரவேற்பறைக்கு அழைக்கிறார், கதவைச் சாத்துகிறார், அத்தோடு தாள் தீர்ந்துபோகிறது. ஆம்ப்ரோஸ் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், திரும்பவும் கழற்றினார். வாயைத் திறந்தபோது வழக்கமான அந்தக் கனம் குரலில் இல்லை.

“எனக்குத் தெரியலை, மிஸ் ஆஷ்பி.”

முன்படியை மூடி மடிமேல் வைத்தார்.

“முதல் அத்தியாயத்துலயும் தெரியலை. இப்பவும் தெரியலை. அன்னிக்கு நான் இதைப் படிக்கவே இல்லை.”

வினிஃப்ரெட் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். அது இழுக்கவேண்டிய திரை இல்லை. அண்ணன் முகத்தை அப்போது பார்க்காமல் இருப்பது மரியாதை என்று அவளுக்குப் பட்டது.

மிஸ் ஆஷ்பிக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. தோளுக்குப் பின்னால் நின்றிருந்த ஆள் விலகிப் போய்விட்டதைப்போல அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“டாபினைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?”

“டாபினா?” ஆம்ப்ரோஸின் முகம் மலர்ந்தது. “அருமையான மனுஷன். அவரை எதுவும் பண்ணிடாதீங்க. அந்தப் புஸ்தகத்துல நம்பிக்கையான ஆள் அவர் ஒருத்தர்தான்.”

மிஸ் ஆஷ்பி கையுறைகளை மாட்டிக்கொண்டார். ரொம்ப நன்றி என்றார். படியில் அவர் இறங்கிப் போன வேகத்தைக் கேட்டு, பேருந்தைப் பிடிக்க ஓடுகிறாரோ என்றாள் வினிஃப்ரெட்.

கோடை முடிவதற்குள் ‘நனையாத குடை’ கடைக்கு வந்தது. வினிஃப்ரெட் முந்திக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்து படித்தாள். உள்ளேயிருந்து முதலில் ஒரு “அய்யோ” கேட்டது, பிறகு நெடுநேரம் சிரிப்பு கேட்டது, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து புத்தகத்தை அண்ணன் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

கொலை நடந்தது மழையில் அல்ல. மழைக்கு முன்பே. குடை நனையாததற்குக் காரணம் அவ்வளவுதான். மழை பெய்த நேரம் முழுக்கப் பாதிரியார் வீட்டில் பத்துப் பேருக்கு நடுவில் உட்கார்ந்து தேநீர் குடித்தவர் ஒருவர் இருந்தார். கொலை மழையில் நடந்ததென்றே எல்லோரும் நம்பியதால் அவரை யாருமே கேள்வி கேட்கவில்லை. கடைசி அத்தியாயத்தில் துப்பறிவாளர் அவர் பக்கம் திரும்பி, கர்னலின் கதை இப்படி முடியும் என்று ஆரம்பத்திலேயே தெரியும் என்று இந்த ஊரில் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான், மிஸ்டர் டாபின், நீங்கள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை என்கிறார்.

ஆம்ப்ரோஸின் காதுமடல்கள் சிவந்தன. அந்தப் பக்கத்தை இரண்டுமுறை படித்தார். கோபப்படலாமா என்று கொஞ்சம் முயன்று பார்த்தார், முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி மேலே வந்து, வாய்வழியாகச் சிரிப்பாக வெளிப்பட்டது. சமையலறையிலிருந்து தங்கையும் சேர்ந்துகொண்டாள். ஏமாறுவதில் இத்தனை சுகம் இருப்பதை அவளே இத்தனை காலம் தனியாக அனுபவித்திருக்கிறாள் என்று அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அவர் இரண்டாவது மதிப்புரை எழுதினார். முதலாவதை எழுதியபோது தாம் புத்தகத்தைப் படிக்கவில்லை, அந்த முடிவு அப்போது எழுதப்படவே இல்லை, எழுதி வந்தபிறகும் தமக்குக் கடைசி அத்தியாயம் வரை கொலையாளி தெரியவில்லை என்று மறைக்காமல் எழுதினார். பத்திரிகை ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, இது மதிப்புரையா பாவமன்னிப்பா என்று கேட்டார். வாசகர்கள் இனி நம்மை எப்படி நம்புவார்கள் என்று கவலைப்பட்டார். கடைசியில் வேறு சரக்கு இல்லாததால் போட்டார். வாசகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆம்ப்ரோஸ் குவில்ட்டருக்கே தெரியவில்லையாம் என்று கடைகளில் வரிசையில் நின்றார்கள். யார்க்‌ஷயர் கோழிகள் வேறு ஆளைத் தேடிக்கொண்டன.

ஹாக்ஸ்பியை ஆம்ப்ரோஸ் மறுபடி அதே விடுதியில் பார்த்தார். ஹாக்ஸ்பி கொஞ்சமும் வாடவில்லை. டாபின்தான் என்று தமக்கு இரண்டாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது என்றார்.

“அப்ப அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஹாக்ஸ்பி” என்றார் ஆம்ப்ரோஸ் சாந்தமாக. “பாவம், எழுதினவங்களுக்கே தெரியாம இருந்தது.”

ஹாக்ஸ்பி வாயைத் துடைத்துக்கொண்டார். “அதுவும் எனக்குத் தெரியும்.”

ஆம்ப்ரோஸ் அதற்குப் பிறகும் மதிப்புரை எழுதினார். எல்லாவற்றையும் படித்தே எழுதினாரா என்று கேட்காதீர்கள், மனிதர்தானே. ஆனால் தெரியாதபோது தெரியவில்லை என்று எழுதினார். எங்கள் தொழிலில் அது சந்நியாசம் வாங்கிக்கொண்டதற்குச் சமம்.

சரி, உங்களைப் பற்றிப் பேசுவோம். இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கு யாரோ ஒருவர் முகம் ஞாபகம் வந்திருக்கும். மேலதிகாரி முகமாக இருக்கலாம், சம்பந்தி முகமாக இருக்கலாம். அவரை இதைப் படிக்கவைக்க வேண்டும் என்றும் தோன்றியிருக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் டாபின் ரோஜாச் செடியோடு முதல்முதலாக எட்டிப்பார்த்த இடத்தில், “இவன்தான், பார்த்துக்கொண்டே இரு” என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்கவில்லையா? இல்லவே இல்லை, கடைசிவரை ஊகிக்கவில்லை என்கிறீர்களா?

நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள் என்று எனக்கு முன்பே தெரியும்.